ஒரே கிளிக்கில் பிளாக்செயின் தாண்டும் பணம்: நடுவழியில் அது யார் கையில்?

யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பும்போது, எதிரே இருப்பவரின் கணக்கு எந்த வங்கியில் உள்ளது என்று நாம் கேட்பதில்லை. உங்கள் கணக்கு ஒரு வங்கியில் இருக்கும். மளிகைக் கடைக்காரரின் கணக்கு வேறு வங்கியில் இருக்கும். ஸ்கேன் செய்து, தொகையை டைப் செய்து, ரகசிய எண்ணைக் கொடுத்தால் வேலை முடிந்தது. கிரிப்டோ நாணயங்களைப் புதிதாகக் கையாள்பவருக்கோ முதல் நாளே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. அவரது வாலட் புரோகிராமில் 100 யு.எஸ்.டி.சி. இருக்கும். (இது டாலர் மதிப்புக்கு இணையாக வெளியிடப்படும் ஒரு நாணயம்.) அனுப்ப வேண்டிய நண்பரும் அதே யு.எஸ்.டி.சி.யைத்தான் பயன்படுத்துகிறார். இருந்தும் நேரடியாக அனுப்ப முடியாது. காரணம், இவருடைய பணம் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் உள்ளது. நண்பரின் வாலட் சோலனா என்ற வேறொரு பிளாக்செயினில் உள்ளது.

இந்தத் தடையைப் பயனாளர் உணராதபடி செய்திட சில ஆண்டுகளாகவே பல முயற்சிகள் நடந்து வருகின்றன. இதற்கு செயின் அப்ஸ்ட்ராக்‌ஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பணம் எந்த பிளாக்செயினில் இருக்கிறது என்ற விபரத்தைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவதுதான் இதன் பொருள். வாலட் புரோகிராம்களுக்குத் திரைகளை வடிவமைக்கும் குழு ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். ஒரு பட்டனுக்குப் பின்னால் எத்தனை வேலைகளை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குள் தினமும் நடக்கும் சண்டை. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பது கட்டுரையைப் படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

உள்ளே போகும் முன் ஒரு வார்த்தை. கிரிப்டோ வாங்குங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தியாவில் இதன் லாபத்திற்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி உண்டு. அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தமும் வந்தது. ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறு நாணயம் வாங்கினாலும் அது வரிக் கணக்கில் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு மண்டபம், இரண்டு மொய் நோட்டு

மதுரைப் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் எழுதும்போது, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பார்கள். அதைக் கேட்டு மண்டபத்தில் இருக்கும் ஆயிரம் பேரும் தத்தம் நோட்டில் அப்படியே எழுதிக்கொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். பிறகு யாராவது ஒருவர் தன் நோட்டில் ஐநூறை ஐயாயிரமாகத் திருத்தினால், மற்ற 999 நோட்டுகளும் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். பிளாக்செயின் என்பது இதுதான். ஒரே கணக்கு நோட்டின் பிரதிகள் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. நடுவில் வங்கி தேவையில்லை.

பிட்காயின் என்ற முதல் மண்டபம் 2009 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே சராசரியாக 10 நிமிடத்திற்கு ஒரு பக்கம் எழுதப்படுகிறது. 2015 ஜூலையில் வந்த எத்தீரியத்தில் இப்போது 12 விநாடிக்கு ஒரு பக்கம். 2020 மார்ச்சில் தொடங்கிய சோலனா ஒரு விநாடிக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களை எழுதித் தள்ளுகிறது. எழுதும் முறையும் வேறு, கையெழுத்தைச் சரிபார்க்கும் கணிதமும் வேறு.

இப்போது பிரச்னைக்கு வருவோம். அண்ணா நகர் மண்டபத்து மைக்கில் வாசிப்பது கே.கே. நகர் மண்டபத்தில் கேட்காது. "அங்கே நான் நூறு ரூபாய் கொடுத்துவிட்டேன், இங்கே வரவு வையுங்கள்" என்று நீங்கள் சொன்னால் இங்கிருப்பவர்கள் எப்படி நம்புவார்கள்? யாராவது ஒருவர் அங்கிருந்து ஓடி வந்து, "ஆமாம், என் காதால் கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்வது உண்மையா என்பது அடுத்த கேள்வி. யு.பி.ஐ.யில் இந்த ஓடி வரும் வேலையை என்.பி.சி.ஐ. என்ற ஒரே அமைப்பு செய்கிறது. எல்லா வங்கிகளும் அதை ஏற்றுக்கொண்டுள்ளன. பிளாக்செயின் உலகில் அப்படி ஒரு பொது அமைப்பு கிடையாது. ஓடி வருபவரை நம்புவதா, எப்படி நம்புவது என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறார்கள்.

பூட்டிய வீட்டுக்குள் சாவி

பயனாளருக்கு இதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறீர்களா? பழைய வழியில் 100 யு.எஸ்.டி.சி.யை எத்தீரியத்திலிருந்து பாலிகான் என்ற நெட்வொர்க்கிற்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பிரிட்ஜ் எனப்படும் பாலத்தின் இணைய தளத்தைத் திறந்து அதில் வாலட்டை இணைக்க வேண்டும். உங்கள் யு.எஸ்.டி.சி.யை எடுத்துக்கொள்ள அந்தத் தளத்திற்கு அனுமதி கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு கட்டணம். அதன் பின்னர் அனுப்பும் கட்டளை கொடுக்க வேண்டும். இதற்கும் கட்டணம். கட்டணத்தை யு.எஸ்.டி.சி.யில் வாங்க மாட்டார்கள். ஈதர் என்ற எத்தீரியத்தின் சொந்த நாணயத்தில்தான் கட்ட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். வாலட்டில் நெட்வொர்க்கை மாற்றிப் பார்த்தால் ஒருவழியாகப் பணம் வந்திருக்கும்.

அத்துடன் முடிந்ததா? இல்லை. பாலிகானில் அந்தப் பணத்தை அசைக்க பி.ஓ.எல். என்ற வேறொரு நாணயம் வேண்டும். (2024 செப்டம்பருக்கு முன் இதன் பெயர் மேட்டிக்.) அது உங்களிடம் ஒரு பைசா மதிப்புக்குக்கூட இல்லை. பி.ஓ.எல். வாங்கலாம் என்றால், அதை வாங்கும் கட்டளைக்கும் பி.ஓ.எல்.லில்தான் கட்டணம். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீடு மாதிரி. புதியவர்கள் வெறுத்துப்போய் வெளியேறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

நகையைக் கொடுத்துச் சீட்டு வாங்குவது

முதலில் பரவலான வழி, அடகுக் கடை வழி. உங்கள் நாணயத்தை முதல் பிளாக்செயினில் ஒரு பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதற்கு ஈடாக இரண்டாவது பிளாக்செயினில் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுப்பார்கள். 2019 ஜனவரி முதல் எத்தீரியத்தில் புழங்கும் ரேப்டு பிட்காயின் இப்படிப்பட்ட சீட்டுதான். உண்மையான பிட்காயின் வேறு இடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். எத்தீரியத்தில் கை மாறுவது சீட்டு. சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் நகை கிடைக்கும்.

பெட்டகத்தில் நகை இருக்கும் வரை சீட்டுக்கு மதிப்பு. திருடன் பெட்டகத்தைக் காலி செய்துவிட்டால், ஊரில் உள்ள அத்தனை சீட்டுகளும் அன்றே வெறும் காகிதம். திருடர்களுக்கும் இது தெரியும். பல்லாயிரம் பேரின் பணம் ஒரே பெட்டகத்தில் குவிந்திருக்கும்போது, தனித்தனி வாலட்டை அவர்கள் ஏன் குறிவைக்கப் போகிறார்கள்?

ஆக்ஸி இன்பினிட்டி என்ற கேமிற்காக உருவாக்கப்பட்ட ரோனின் பாலத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். "அங்கே பணம் வந்தது உண்மை" என்று சாட்சி சொல்ல 9 கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் 5 கையெழுத்து போட்டால் பெட்டகம் திறக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 9 சாவிகளில் 4 சாவிகள் கேமை உருவாக்கிய ஸ்கை மேவிஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தன. கூட்டம் அதிகமாக இருந்த 2021 நவம்பரில், வேலைச் சுமையைச் சமாளிக்க இன்னொரு அமைப்பு தன் சார்பாகக் கையெழுத்திடும் அனுமதியையும் அதே நிறுவனத்திற்குக் கொடுத்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்துவிட்டது. அனுமதியை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. நிறுவனத்திற்குள் நுழைந்த திருடர்களுக்கு 4 சாவியும், மறந்துபோன அந்த ஐந்தாவது கையெழுத்தும் சேர்ந்தே கிடைத்தன. 2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈதரும் 2 கோடியே 55 லட்சம் யு.எஸ்.டி.சி.யும் வெளியேறின. மதிப்பு 60 கோடி டாலருக்கும் மேல்.

இதில் என்னை இன்றும் திகைக்க வைப்பது தொகை அல்ல. பெட்டகம் காலியானது 6 நாட்களுக்கு யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 29 அன்று ஒரு பயனாளர் 5,000 ஈதரை எடுக்க முயன்று, எடுக்க முடியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இது வட கொரியாவின் லாசரஸ் என்ற கும்பலின் வேலை என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. அடுத்த மாதமே அறிவித்தது. நிறுவனம் புதிதாகப் பணம் திரட்டி, 2022 ஜூனில் பாலத்தை மீண்டும் திறந்தது.

அந்த ஆண்டு இத்துடன் நிற்கவில்லை. பிப்ரவரியில் வார்ம்ஹோல் பாலத்தில், கையெழுத்தைச் சரிபார்க்கும் புரோகிராமில் இருந்த ஓட்டையால் நகையே வைக்காமல் 1,20,000 ஈதருக்குச் சீட்டு அச்சடித்துக்கொண்டார்கள். ஆகஸ்ட்டில் நோமட் பாலம். அங்கே ஒரு அப்டேட்டின்போது நேர்ந்த பிழையால், எந்தச் செய்தி வந்தாலும் அது ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது என்றே புரோகிராம் எடுத்துக்கொண்டது. முதல் திருடனின் கட்டளையை காப்பி செய்து, முகவரியை மட்டும் மாற்றி பேஸ்ட் செய்தவர்கள் எல்லாம் பணத்தை அள்ளினார்கள். போனது ஏறத்தாழ 19 கோடி டாலர்.

இந்தப் பாலங்களைப் பயன்படுத்தியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்கள் திரையில் பார்த்தது ஒரு பட்டன். அந்த பட்டனுக்குப் பின்னால் 9 சாவிகள் இருந்ததும், அவற்றில் 5 ஒரே வீட்டில் இருந்ததும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஓடி வருபவரை நம்பாமல் இருக்கலாமா?

இதற்குப் பிறகு மூன்று வழிகள் வலுப்பெற்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இடத்திற்கு ஏற்ப பயன்படுத்தப்படுகின்றன.

காஸ்மோஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிளாக்செயின்கள் 2021 முதல் ஐ.பி.சி. என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. இதில் ஓடி வருபவர் வெறும் தபால்காரர். அவர் கொண்டு வரும் சான்றை இரண்டாவது மண்டபமே கணித முறையில் சரிபார்த்துக்கொள்ளும். முதல் மண்டபத்தின் பக்கத் தலைப்புகளை இங்கே தொடர்ந்து பதிந்து வைத்திருப்பதால் இது சாத்தியமாகிறது. பொறியாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் இரு பக்கமும் இதற்கு ஏற்றபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். எத்தீரியம் போன்ற பழைய மண்டபத்தில் வேற்று மண்டபத்துக் கணிதத்தைப் போட்டுப் பார்க்க ஆகும் கட்டணம் அதிகம்.

இரண்டாவது வழி, கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த யு.எஸ்.டி.சி.க்கு உரியது. அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2023 ஏப்ரலில் சி.சி.டி.பி. என்ற முறையைக் கொண்டு வந்தது. இதில் பெட்டகமே கிடையாது. இங்கே 100 நாணயத்தை அழித்துவிடுவார்கள். அழிந்ததற்கு சர்க்கிள் கையெழுத்திடும். அங்கே புதிதாக 100 நாணயம் அச்சாகும். சர்க்கிளை நம்ப வேண்டியிருக்கிறதே என்றால், யு.எஸ்.டி.சி.யைக் கையில் வைத்திருக்கும்போதே அந்த நிறுவனத்தை நம்பித்தானே வைத்திருக்கிறீர்கள்! புதிதாக இன்னொருவரை நம்பத் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு.

இங்கே காத்திருக்கும் நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுதிய பக்கத்தின் மை காய வேண்டும். அதாவது, அந்தப் பக்கம் இனி மாறாது என்று உறுதியாக வேண்டும். எத்தீரியத்தில் இதற்கு ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆகும். பிட்காயினில் 6 பக்கங்கள், அதாவது சுமார் ஒரு மணி நேரம் காத்திருப்பது வழக்கம். மை காயும் முன் சில விநாடிகளில் பணம் வந்து சேர்ந்தால், அந்த இடைவெளியின் ஆபத்தை யாரோ ஒருவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

அந்த யாரோ ஒருவரை வைத்தே கட்டப்பட்டதுதான் மூன்றாவது வழி. இதற்கு இன்டென்ட் என்று பெயர். "எத்தீரியத்தில் என் 100 யு.எஸ்.டி.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள், பேஸ் நெட்வொர்க்கில் எனக்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும்" என்று உங்கள் விருப்பத்தை மட்டும் கையெழுத்திட்டுச் சொல்கிறீர்கள். அதை எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. இதற்காகவே இரண்டு பக்கமும் பணம் வைத்துக் காத்திருக்கும் ரிலேயர்கள் போட்டி போடுவார்கள். முந்துபவர் தன் சொந்தப் பணத்தை உங்களுக்கு அங்கே கொடுத்துவிடுவார். பிறகு சான்று காட்டி, நீங்கள் இங்கே வைத்த பணத்தைக் கமிஷனுடன் அவர் எடுத்துக்கொள்வார். அவசரத்திற்குக் கைமாற்று கொடுத்துவிட்டு நிதானமாக வசூலிக்கும் வியாபாரி போலத்தான். யார் நிறைவேற்றுவது, சான்றை யார் சரிபார்ப்பது என்பதில் தவறு நடந்தால் நஷ்டம் முதலில் அவருக்கு, உங்களுக்கு அல்ல. யாருமே முன்வராவிட்டால், குறித்த கெடுவுக்குப் பின் உங்கள் பணம் உங்களுக்கே திரும்பும். அக்ராஸ் போன்ற பாலங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு பாலமும் ஒரு விதமாக விருப்பத்தை எழுதிக்கொண்டிருந்ததால், 2024-ல் யுனிஸ்வாப் லேப்ஸும் அக்ராஸும் இணைந்து இ.ஆர்.சி. 7683 என்ற பொது வடிவத்தை முன்வைத்தன.

கட்டணச் சாவி என்ன ஆனது?

பூட்டிய வீட்டுப் பிரச்னைக்கும் தீர்வு வந்துவிட்டது. 2023 மார்ச்சில் எத்தீரியத்தில் இ.ஆர்.சி. 4337 என்ற முறை நடைமுறைக்கு வந்தது. இதன்படி இயங்கும் வாலட்டில் பேமாஸ்டர் என்ற ஒரு வசதி உண்டு. உங்கள் சார்பில் ஈதரை அது கட்டிவிட்டு, உங்களிடம் யு.எஸ்.டி.சி.யாக வாங்கிக்கொள்ளும். சில நிறுவனங்கள் கட்டணத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்வதும் உண்டு. 2025 மே 7 அன்று எத்தீரியத்தில் செய்யப்பட்ட பெக்ட்ரா அப்டேட், ஏற்கெனவே உள்ள சாதாரண வாலட் கணக்குகளுக்கும் இந்த வசதிகளைக் கொண்டு வந்தது. அனுமதி, அனுப்புதல் என்று இரண்டு முறை கேட்காமல் ஒரே கிளிக்கில் முடித்திடலாம். அதே சமயம், உங்கள் கணக்கையே ஒரு புரோகிராமின் பொறுப்பில் விடும் கையெழுத்து இது. போலித் தளத்தில் போட்டுவிட்டால் கணக்கைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள்.

பட்டனை அழுத்தும் முன்

கட்டண நாணயத்தின் பெயர், நெட்வொர்க் மாற்றும் மெனு, அனுமதிப் படிகள் எல்லாவற்றையும் மறைப்பது நல்லதே. பயனாளருக்கு அவை தேவையில்லை. ஆனால் நடுவழியில் பணம் எந்த முறையில் பாதுகாக்கப்படுகிறது என்பதையும், தடைபட்டால் அது எங்கே எப்போது திரும்பும் என்பதையும் மறைக்கும் திரையை நான் பயன்படுத்த மாட்டேன். கையில் வந்து சேரும் இறுதித் தொகையும் முன்கூட்டியே தெரிய வேண்டும். வந்து சேர்வது அசல் நாணயமா, அல்லது பாலத்தின் சீட்டா என்று பாருங்கள். சீட்டு என்றால் அதை நீண்ட நாள் வைத்திருக்காதீர்கள்.

பாலத்தை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் ஒரு பொறி இருக்கிறது. எத்தீரியம், பாலிகான், அர்பிட்ரம், பேஸ் எல்லாவற்றிலும் முகவரியின் வடிவம் ஒன்றே. பூஜ்யமும் எக்ஸ் என்ற எழுத்தும் முதலில் வரும்; மொத்தம் 42 எழுத்துகள். எனவே தவறான நெட்வொர்க்கில் அனுப்பினாலும் புரோகிராம் தடுக்காது. உங்கள் சொந்த வாலட் என்றால் கவலையில்லை. நெட்வொர்க்கை மாற்றினால் பணம் தெரியும். எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் கொடுத்த முகவரி என்றால் கதையே வேறு. என் அறை நண்பர் ஒருவர் இப்படி அனுப்பிய 200 டாலரை மீட்க, அந்த நிறுவனத்திற்கு ஏழு வாரம் மெயில் எழுதினார். ஆகவே எக்ஸ்சேஞ்சில் டெபாசிட் அல்லது வித்டிரா செய்திடும்போது, நெட்வொர்க் என்ற பட்டியலில் இரு பக்கமும் ஒரே பெயர் உள்ளதா என்று பார்த்திடவும். முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, வந்து சேர்ந்த பின்னரே மீதியை அனுப்பவும்.

பால தளத்தைத் தேடல் தளத்தின் விளம்பரத்தில் கிளிக் செய்து திறக்க வேண்டாம். ஒருமுறை சரியான முகவரியை உறுதி செய்து பிரவுசரில் புக்மார்க் செய்து வையுங்கள். வாலட்டின் 12 சொற்களை எந்தப் பாலமும் கேட்காது. கேட்டால் அது திருட்டுத் தளம்.

பணம் வரவில்லை என்றால் பதற்றத்தில் மறுபடியும் பட்டனை அழுத்தாதீர்கள். வாலட்டில் அந்தப் பரிமாற்றத்தைக் கிளிக் செய்தால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். அதை காப்பி செய்து, அனுப்பிய பக்கத்தின் எக்ஸ்புளோரர் தளத்தில் பேஸ்ட் செய்து என்டர் தட்டவும். எத்தீரியத்திற்கு எதர்ஸ்கேன். அங்கே தோல்வி என்று காட்டினால் பணம் புறப்படவே இல்லை; கட்டணம் மட்டும் போயிருக்கும். வெற்றி என்று காட்டினால் அடுத்து, சேர வேண்டிய பக்கத்தின் எக்ஸ்புளோரரில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே வரவு இல்லை என்றால் பணம் நடுவழியில் இருக்கிறது. மை காயும் நேரம் கழித்து மீண்டும் பார்க்கலாம்.

இவற்றை எல்லாம் ஒரு பைசா செலவில்லாமல் பழகிப் பார்க்கவும் வழி உண்டு. டெஸ்ட்நெட் என்ற சோதனை நெட்வொர்க்குகளில் புழங்குவது மதிப்பில்லாத விளையாட்டு நாணயம். சர்க்கிள் நிறுவனத்தின் பாஸெட் பக்கத்தில் சோதனை யு.எஸ்.டி.சி. இலவசமாகக் கிடைக்கிறது, கட்டணத்திற்கான சோதனை ஈதரை மற்ற பாஸெட் பக்கங்களில் வாங்கிக்கொள்ளலாம். இதற்கென்று தனியாக ஒரு புதிய வாலட் தொடங்கி, ஒரு டெஸ்ட்நெட்டிலிருந்து இன்னொன்றுக்கு 5 நாணயம் அனுப்பிப் பாருங்கள். அனுப்பிய உடனே இரண்டு எக்ஸ்புளோரர்களையும் பக்கத்துப் பக்கத்து விண்டோவில் திறந்து வைத்துக்கொண்டால், இங்கே பற்று ஆகி, அங்கே வரவு ஆகும் வரை உள்ள இடைவெளியை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.